திருகாணியும் எண்ணெயும்: இரண்டு போர்ஷே டர்போக்களின் வால்வுகள்

1986இல் போர்ஷே கார் வாங்கப் போனவர் முன்னால் இரண்டு டர்போக்கள் நின்றன. ஒன்று 911 டர்போ. கம்பெனிக்குள் அதற்கு இட்ட எண் 930. ரசிகர்களும் அப்படித்தான் அழைக்கிறார்கள். பின்பக்க எஞ்சின், காற்றுக் குளிர்ச்சி, படுக்கையாக ஆறு சிலிண்டர், 3.3 லிட்டர், 300 குதிரைத்திறன். இன்னொன்று 944 டர்போ. முன்பக்க எஞ்சின், தண்ணீர்க் குளிர்ச்சி, நான்கு சிலிண்டர், 2.5 லிட்டர், 220 குதிரைத்திறன். முதலாவது ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசன் ஆலையில் பிறந்தது. இரண்டாவதை நெக்கார்சுல்மில் இருந்த ஆடி ஆலை ஒப்பந்தத்தில் கட்டிக்கொடுத்தது. இரண்டிலும் கே.கே.கே. கம்பெனியின் டர்போ, இரண்டிலும் சிலிண்டருக்கு இரண்டே வால்வு, இரண்டிலும் உள்ளே சோடியம் நிரப்பிய எக்ஸாஸ்ட் வால்வு. இவ்வளவு ஒற்றுமை இருந்தும், வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு இரண்டும் நேரெதிரான பதிலைச் சொல்கின்றன. 930இல் மெக்கானிக் பார்த்துக்கொள்கிறார். 944இல் எண்ணெய் பார்த்துக்கொள்கிறது.

இன்று இந்த எஞ்சின்கள் முப்பத்தைந்து, நாற்பது வயதைத் தாண்டிவிட்டன. வால்வு கைடுகள் தேய்ந்து, எண்ணெய் சீல்கள் இறுகி, ஹெட்டைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டிய கட்டத்தில் பெரும்பாலானவை நிற்கின்றன. அந்த வேலையில் இறங்கும்போதுதான் மேற்சொன்ன ஒரு வித்தியாசம் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும்.

930இன் அமைப்பை முதலில் பார்ப்போம். 911 எஞ்சினின் அடிப்படை வடிவம் 1960களில் ஹான்ஸ் மெட்ஸ்கர் குழு தந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட். ஒரு பக்கத்து மூன்று ஹெட்களின் மேல் ஒரு நீண்ட அலுமினியக் கூடு உட்கார்கிறது. அதற்குள் கேம் ஷாஃப்ட் சுழல்கிறது. கேமின் மேடு ராக்கர் ஆர்மைத் தள்ள, ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்துகிறது. அந்த மறுமுனையில் ஒரு திருகாணி. அதன் நுனியில் யானைக் கால் போலப் பரந்த, அசையக்கூடிய ஒரு பாதம். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது அந்தப் பாதத்துக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே 0.10 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பன்னிரண்டு வால்வு, பன்னிரண்டு ராக்கர், பன்னிரண்டு திருகாணி. நம் ஊர்ப் பட்டறையில் டேப்பட் அட்ஜஸ்ட் செய்வது என்று சொல்லும் அதே வேலைதான். ஆனால் இங்கே எக்ஸாஸ்ட் வால்வுகள் எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கின்றன. காருக்கு அடியில் படுத்து, டர்போவும் குழாய்களும் விட்டுவைத்த சந்தில் கையை நுழைத்து, மூடியைக் கழற்றும்போது எண்ணெய் முகத்தில் சொட்டும். அமெரிக்கப் பராமரிப்பு அட்டவணை இதை 15,000 மைலுக்கு ஒருமுறை கேட்டது.

944இல் இந்தக் கூத்து எதுவும் கிடையாது. நான்கு சிலிண்டருக்கும் ஒரே ஹெட், அதன் மேல் ஒரே கேம் கூடு, ஒரே கேம் ஷாஃப்ட். கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் ராக்கரே இல்லை. கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு லிஃப்டர் மட்டும். அதற்குள் சின்ன பிஸ்டன், சின்ன ஒருவழி வால்வு. எஞ்சின் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே புகுந்து, எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவையும் நிரப்பிவிடும். தேய்மானத்தால் அளவு மாறினாலும் அடுத்த சில சுற்றுகளில் லிஃப்டர் தானே நீண்டோ குறுகியோ சரிசெய்துகொள்ளும். திருகாணி இல்லை, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு இல்லை, அட்டவணையில் அந்த வரியே இல்லை. 1977இல் வந்த 928இலேயே போர்ஷே இந்த முறைக்கு மாறியிருந்தது. 944இன் எஞ்சின் அந்த எட்டு சிலிண்டர் எஞ்சினின் ஒரு பாதியிலிருந்து வளர்ந்தது என்பதால் லிஃப்டரும் கூடவே வந்தது.

பயன்படுத்துகிறவருக்கு 944 சுகம், 930 தொல்லை என்று இதைப் படித்ததும் தோன்றும். கார் புதிதாக இருந்தவரை அது உண்மை. பழைய காரைப் புதுப்பிக்கப் போகிறவரின் கண்ணுக்குக் கணக்கு தலைகீழாகிறது.

930இன் அந்த 0.10 மி.மீ. இடைவெளி வெறும் அளவு அல்ல. அது எந்தப் பக்கம் மாறுகிறது என்பதில் ஒரு செய்தி இருக்கிறது. சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வின் சீட் தேய்ந்தால் வால்வு ஹெட்டுக்குள் சற்று அமிழும்; அப்படி அமிழ்ந்தாலோ, வால்வின் தண்டு நீண்டாலோ, மறுமுனையில் தண்டு அந்த அளவுக்கு மேலே வரும், இடைவெளி குறையும். கேமின் மேடோ, ராக்கரின் தேய்பரப்போ, திருகாணியின் பாதமோ தேய்ந்தால் இடைவெளி கூடும், டிக் டிக் என்று சத்தமும் வரும். குறைந்தால் ஹெட்டைப் பார், கூடினால் ராக்கர் பக்கம் பார். முந்தைய மூன்று சர்வீஸ்களில் எந்த வால்வு எவ்வளவு நகர்ந்தது என்று எழுதிவைத்திருக்கும் மெக்கானிக்குக் கழற்றுவதற்கு முன்பே எந்த ஹெட் நோயாளி என்று தெரியும். சத்தம் போடும் டேப்பட்டுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. சத்தமே இல்லாமல் இறுகிப்போன டேப்பட்தான் வால்வைச் சுடும். இடைவெளி பூஜ்யமானால் வால்வு சீட்டில் முழுதாக அமராது. வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டின் வழியாகத்தான் இறக்குகிறது. அமராத வால்வு சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓரத்தில் கருகும். டர்போ எஞ்சினில் முழு அழுத்தத்தில் போகும்போது வெளியேறும் வாயுவின் சூடு 900 டிகிரியைத் தொடும் என்பதால் இது மெல்ல நடக்கிற சேதமும் அல்ல.

இன்னொன்றும் உண்டு. 930இன் சிலிண்டர்களையும் ஹெட்களையும் கிராங்க் கேஸோடு சேர்த்துப் பிடித்திருப்பவை 24 நீண்ட ஸ்டட்கள். அவை டிலவார் என்ற கலப்பு உலோகத்தால் ஆனவை. அலுமினியத்தோடு ஒத்து விரிய வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த உலோகம். ஆனால் வயதானால் துருப்பிடித்த ஒரு புள்ளியில் பட்டென்று முறியும். முறிந்தது ஓட்டுகிறவருக்கு உடனே தெரியாது. டேப்பட் பார்க்க அடி மூடியைக் கழற்றும்போது நட்டும் முறிந்த துண்டும் மூடிக்குள் கிடக்கும். அலுப்பான பராமரிப்பு வேலை, ஒவ்வொரு 15,000 மைலுக்கும் எஞ்சினின் உள்ளே ஒருவரை எட்டிப்பார்க்க வைத்தது. அந்தக் கட்டாயத்தின் மதிப்பை நாம் குறைத்து எடைபோடுகிறோம்.

ஃபீலர் கேஜும் பொய் சொல்லும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். யானைப் பாதம் சாய்ந்து நின்றால் தகடு சரியாக நுழைந்த மாதிரி இருக்கும், உண்மை அளவு வேறாக இருக்கும். அந்தச் சின்ன தகடு சந்துக்குள் அடிக்கடி முறிந்தும் போகும். அதனால் அனுபவசாலிகள் சிலர் பாதத்தின் அடியில் அளக்காமல், ராக்கரின் மறுபக்கத்தில், கேமின் மேடில்லாத முதுகுக்கும் ராக்கருக்கும் நடுவே அளக்கிறார்கள். ராக்கரின் நெம்புகோல் விகிதத்தால் அங்கே அளவு சிறியது, 0.07 மி.மீ. பக்கத்தில் வரும். கைநூலில் உள்ள முறை பாதத்தடியில் அளப்பதுதான். இரண்டையும் செய்து ஒப்பிடுவதே சரி என்பது என் கட்சி.

944இன் வால்வு அமிழ்ந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் சிக்கல். லிஃப்டர் சத்தமில்லாமல் குறுகி இடம் கொடுத்துவிடும். அதன் ஓட்டத்துக்கு ஒரு எல்லை உண்டு; அந்த எல்லை வரை காரில் எந்த அறிகுறியும் தெரியாது. எல்லையைத் தாண்டினால் வால்வு முழுதாக மூடாமல் நிற்க ஆரம்பிக்கும். அதற்குள் சீட் போயிருக்கும். லிஃப்டர் போடும் ஒரே சத்தம் அதன் சொந்தக் குறைக்காகத்தான்: எண்ணெய் வடிந்துபோய்க் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கும் டிக் டிக். ஹெட்டுக்கு எண்ணெய் போகும் வழியில் ஒரு ஒருவழி வால்வு இருக்கிறது. அது பழுதானால் நிறுத்தி வைத்த காரில் எண்ணெய் இறங்கிவிடும். பலர் இந்தச் சத்தத்தைக் கேட்டு எட்டு லிஃப்டரையும் மாற்றுகிறார்கள், காரணமான அந்தச் சின்ன பாகத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே 944இல் புதுப்பிப்பு வேலை கம்ப்ரஷன், லீக்-டவுன் சோதனைகளிலிருந்து தொடங்க வேண்டும். சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி, எந்தப் பக்கம் ஊதுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது: எக்ஸாஸ்டில் ஊதினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் ஊதினால் இன்லெட், எண்ணெய் ஊற்றும் வாயில் ஊதினால் பிஸ்டன் ரிங். 930க்கும் இந்தச் சோதனை செய்வார்கள். ஆனால் அங்கே அது சந்தேகத்தை உறுதிசெய்வதற்கு. இங்கே சந்தேகத்தைக் கண்டுபிடிப்பதற்கே அதுதான் வழி.

கழற்றும் வேலையில் 944 வெகு தூரம் முந்துகிறது. எஞ்சின் காரிலேயே இருக்க, ஹெட்டை மேலே தூக்கிவிடலாம். வலது பக்க எக்ஸாஸ்டிலிருந்து எஞ்சினுக்கு அடியில் சுற்றி இடது பக்க டர்போவுக்குப் போகும் குறுக்குக் குழாயின் துருப்பிடித்த போல்ட்கள்தான் உண்மையான சோதனை. கேம் கூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்களில் சிலவற்றுக்கு, மேலேயுள்ள மூடித் திருகுகளைக் கழற்றி அந்தத் துளை வழியாக நீண்ட ஆலன் கீயை விட வேண்டும். கூட்டைத் தூக்கியதும் லிஃப்டர்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழும். எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று வரிசையாகக் குறித்து வைக்காவிட்டால், தேய்ந்து இணைந்த ஜோடிகளை மாற்றிப் பொருத்திக் கேமைக் கெடுப்போம்.

930இலோ ராக்கரை மட்டும் காரிலேயே கழற்றலாம். ஹெட் என்றால் எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். இறக்கியதும், இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று ஸ்டட், செயின் டென்ஷனர், கிளட்ச், டர்போ சீல் என்று பட்டியல் நீளும். வால்வு வேலைக்கென்று ஒதுக்கிய பணம் எஞ்சின் வேலையாக வளர்வது இங்கேதான். ராக்கர் தண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனி. ஒரு 5 மி.மீ. ஆலன் போல்ட்டை இறுக்கும்போது இருமுனைக் கூம்புகள் தண்டை உள்ளிருந்து விரித்துக் கூட்டோடு பிடிக்கச் செய்யும். பழையவற்றில் அந்த இடத்தில் எண்ணெய் கசியும். பந்தயக் கார்களுக்காக வந்த சின்ன ரப்பர் வளையங்களைத் தண்டின் பள்ளத்தில் மாட்டிக் கசிவை நிறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. கூட்டுக்குள் கேமுக்கும் ராக்கருக்கும் எண்ணெய் தெளிக்கும் குழாய் ஒன்று இருக்கிறது. அதன் துளைகள் அடைத்திருந்தால் புது கேமும் பழைய கேமின் கதிக்கே போகும். அதைச் சுத்தம் செய்யாமல் புது ராக்கர் போடுவது பணத்தைக் கரைப்பதுதான்.

மேசைக்கு வந்த பிறகு இரண்டுக்கும் வேலை ஒன்றுபோலத்தான் தெரியும். 930இன் 3.3 லிட்டர் எஞ்சினில் இன்லெட் வால்வு 49 மி.மீ., எக்ஸாஸ்ட் 41.5 மி.மீ. 944 டர்போவில் 45 மி.மீ., 40 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வின் உள்ளீடற்ற தண்டில் இருக்கும் சோடியம் 98 டிகிரியில் உருகி, வால்வு குதிக்கும்போது உள்ளே மேலும் கீழும் அலசி, தலையின் சூட்டைத் தண்டுக்குக் கொண்டுவந்து கைடின் வழியாக ஹெட்டுக்குக் கடத்துகிறது. கைடு தேய்ந்திருந்தால் இந்தக் கடத்தல் அறுந்துவிடும். எனவே வால்வு நன்றாகத்தானே இருக்கிறது என்று கைடை விட்டுவைப்பது டர்போ எஞ்சினில் செய்யக்கூடாத சிக்கனம். பழைய வால்வைத் தூக்கி எறியும்போதும் கவனம் வேண்டும். சோடியம் தண்ணீரைத் தொட்டால் தீப்பற்றும். லேத்தில் கொடுத்து வெட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளவும்.

944 ஹெட்டில் ஒரு கூடுதல் சிறப்பு: எக்ஸாஸ்ட் வாயின் உள்பக்கம் பீங்கான் உறை. சூட்டை ஹெட்டுக்குக் கொடுக்காமல் டர்போவுக்கே அனுப்புவதற்காக வார்ப்பிலேயே பதித்தது. நல்ல யோசனை, ஆனால் அந்த வாயைக் குடைந்து அகலப்படுத்த முடியாது. விவரம் தெரியாத பட்டறையில் கொடுத்தால் உறை உடைந்து, துண்டு டர்போவின் சக்கரத்துக்குள் போகும்.

சீட்டை வெட்டிய பிறகுதான் இரு எஞ்சின்களும் மறுபடி பிரிகின்றன. சீட்டை வெட்டினால் வால்வு அமிழும், தண்டு உயரும். 930இல் அதைத் திருகாணியில் சரிசெய்துவிடலாம். வால்வு ஸ்பிரிங்கின் உயரத்தைக் கீழே ஷிம் வைத்துச் சரிசெய்யலாம். 944இல் தண்டின் உயரத்தை லிஃப்டரின் ஓட்டத்துக்குள் வரும்படி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் புதுப்பித்த அன்றே லிஃப்டர் தன் இருப்பில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டது என்று பொருள். வெளியிலிருந்து பார்த்தால் எஞ்சின் அருமையாக ஓடும். அடுத்த தேய்மானத்துக்கு ஈடுகொடுக்க அதனிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. அளந்து பார்க்காத ஹெட் வேலைக்கு 944இல் தண்டனை தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பொருத்தும்போது 930 பொறுமையைக் கேட்கிறது. ஒரு பக்கத்து மூன்று ஹெட்களும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் இழைத்து மற்றவற்றை விட்டால் மேலே உட்காரும் கேம் கூடு வளைந்து கேம் ஷாஃப்ட் இறுகும். முறுக்கி முடித்த பின் கேம் கையால் சுற்ற வருகிறதா என்று பார்ப்பது சம்பிரதாயம் அல்ல. பிறகு கேம் டைமிங்: முதல் சிலிண்டரின் இன்லெட் வால்வில் டயல் கேஜ் வைத்து, கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளந்து, பல்சக்கரத்தின் சின்ன ஊசியை வேறு துளைக்கு மாற்றிச் சரிசெய்ய வேண்டும். நான்காம் சிலிண்டரில் மறுபடி அதே வேலை, மறுபக்கத்துக் கேமுக்காக. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இன்லெட்டில் 1.5 மி.மீ., எக்ஸாஸ்டில் 2 மி.மீ. இருப்பதை உறுதிசெய்த பிறகுதான் மூடியைப் போடுவார்கள்.

944இல் குறிக்குக் குறி சேர்த்தால் முடிந்தது. ஆனால் ஹெட்டை இழைத்திருந்தால் கேம் கிராங்குக்கு அருகில் வந்து, குறி சரியாக இருந்தும் டைமிங் கொஞ்சம் பின்தங்கும். எண்ணெய் நிறைந்த லிஃப்டர்களைப் பொருத்திய கையோடு ஸ்டார்ட்டரைத் தட்டவும் கூடாது. உப்பியிருக்கும் லிஃப்டர் வால்வைத் திறந்தபடி பிடித்திருக்கும். அரை மணி நேரமாவது விட்டு, முதலில் கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

944 தோற்கும் இடம் லிஃப்டர் அல்ல, பெல்ட். கேமைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகிறது. பம்ப்பின் பேரிங் இறுகினால் பெல்ட் போகும். முன்பக்க சீலிலிருந்து எண்ணெய் கசிந்தால் பெல்ட் ஊறிப்போகும். பெல்ட் போனால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். 30,000 மைலுக்கு ஒருமுறை மாற்றுவதும், புது பெல்ட் போட்டுச் சில ஆயிரம் மைலுக்குள் இறுக்கத்தை மறுபடி பார்ப்பதும் உரிமையாளர்களிடையே எழுதாத சட்டம். 930இன் செயின் அப்படி அறாது. அதன் பழைய டென்ஷனர்கள் மட்டும் நம்பத் தகாதவை. 1984 மாடல் 911 கரேரா 3.2யோடு வந்த, எஞ்சின் எண்ணெயால் இயங்கும் டென்ஷனர்களை முந்தைய எஞ்சின்களுக்கும் மாட்டிக்கொள்ளலாம். கியரைத் தப்பாக இறக்கி எஞ்சினை அளவு மீறி ஓட்டிவிட்டால் 930இல் பல நேரம் ராக்கர்தான் முதலில் உடையும், வால்வு தப்பும். ஒரு ராக்கர் மாற்றுவது மூடியைக் கழற்றிச் செய்கிற வேலை. 944இல் நடுவில் உடைந்து காப்பாற்ற எதுவும் இல்லை.

1993இல் வந்த 993 தலைமுறை 911இல் போர்ஷே திருகாணியைக் கைவிட்டு ஹைட்ராலிக் முறைக்கு மாறியது. புதுக் கார் விற்கிற கம்பெனிக்கு அது சரியான முடிவு. பழைய காரைத் தன் கையால் புதுப்பிக்க நினைப்பவருக்கு என் தீர்ப்பு இது: செலவும் இடமும் குறைவாக இருந்தால் 944 டர்போவை எடுங்கள், ஆனால் அளக்காமல் எதையும் நம்பாதீர்கள். எஞ்சினை இறக்கும் வசதியும் பணமும் இருந்தால் 930. அதன் ஒவ்வொரு குறையும் வெளியே வந்து அளவாக நிற்கும். வாங்கும்முன் 930இன் உரிமையாளரிடம் கேட்க வேண்டியது, ஒவ்வொரு வால்வுக்கும் எழுதிவைத்த டேப்பட் அளவுகளின் குறிப்பு. 944இன் உரிமையாளரிடம் கேட்க வேண்டியது, பெல்ட் கடைசியாக மாற்றிய பில். அந்தப் பில் இருந்தாலும் லீக்-டவுன் சோதனை செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.